18ஏ: மாடியும் படியும்

வாசகர் கேள்வி: எங்கள் மாமா சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்கிறார். பிராட்வே – தாம்பரம் 18ஏ-வில் எழுபதுகளில் தொடங்கி 2008 வரை டபுள் டெக்கர் விடாமல் ஓடியதாம். மெட்ரோ ரயிலுக்குப் பள்ளம் தோண்ட வேண்டும் என்றுதான் நிறுத்தினார்களாம். உண்மையா? அந்தத் தடத்தின் கதை தெரிந்தவர்கள் சொல்லவும்.

12 மார்ச் 2024, காலை

மாமா பாதி சரி. சென்னையில் எழுபதுகளில் மாடி பஸ் ஓடியது. 18ஏ-வில் 2008 வரை ஓடியது. இரண்டும் உண்மை. ஆனால் "விடாமல்" என்பதுதான் இடிக்கிறது. முதல் சுற்று நின்று, ஊரே மறந்துபோன பிறகு, 1997-இல்தான் ஹைகோர்ட்டுக்கும் (பிராட்வேயை ஒட்டியது) தாம்பரத்துக்கும் நடுவே மறுபடி விட்டார்கள். நாற்பது வயதுக்காரர் "நான் பார்த்த டபுள் டெக்கர்" என்றால் அது இந்த இரண்டாவது சுற்று. அறுபதைத் தாண்டியவர் சொன்னால் எதைச் சொல்கிறார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். மாமா இரண்டையும் ஒட்டிவிட்டார்.

மெட்ரோ மேல் பழி போடுவது தேதிப்படி நிற்காது. மெட்ரோவுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததே 2009 ஜனவரியில். அந்த வருடம் ஜூனில் வேலை ஆரம்பித்தது, அதுவும் கோயம்பேடு பக்கம். அண்ணா சாலையில் தகரத் தடுப்பு முளைத்தது இன்னும் தள்ளி. அதற்குள் மாடி பஸ் போய்ச் சேர்ந்துவிட்டது.

12 மார்ச், இரவு

காலையில் வேலை அவசரத்தில் எழுதியது. கொஞ்சம் சேர்க்கிறேன்.

நான் குரோம்பேட்டைக்காரன். ஆபீஸ் மவுண்ட் ரோட்டில் (அண்ணா சாலையின் பழைய பெயர்), எல்.ஐ.சி. பக்கம். எனவே 18ஏ எனக்குப் பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு. மாடி பஸ் வந்த புதிதில் அதற்காகவே ரெண்டு வண்டியை விட்டுவிட்டு நிற்பவர்கள் இருந்தார்கள். காலேஜ் பையன்கள் ஏறியதும் தடதடவென்று மாடிக்கு ஓடுவார்கள். முன் வரிசை சீட்டுதான் குறி. டிரைவர் தலைக்கு மேலே உட்கார்ந்துகொண்டு மொத்த ஜி.எஸ்.டி. ரோட்டையும் (தாம்பரம் பக்கம் போகும் நெடுஞ்சாலை) பார்க்கலாம். பல்லாவரம் கன்டோன்மென்ட் தாண்டும்போது மரக்கிளை கண்ணாடியில் சடாரென்று அடிக்கும். புதுசாக வந்தவர் குனிவார், பழைய ஆள் சிரிப்பார். மீனம்பாக்கத்தில் ஏரோப்பிளேன் இறங்கினால் மாடி முழுக்க ஒரே பக்கமாகத் திரும்பும்.

மெதுவாகத்தான் போகும். அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. லேட்டாகும் நாளில் மாடி பஸ்ஸில் ஏறமாட்டேன். பின்னால் வரும் சாதா வண்டி சைதாப்பேட்டையில் தாண்டிப் போய்விடும்.

13 மார்ச் 2024

"கண்டக்டர் எப்படி டிக்கெட் கொடுப்பார்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வெளியூர்க்காரர் போலிருக்கிறது. நல்ல கேள்விதான்.

சென்னை கண்டக்டர் கூட்டத்துக்குள் புகுந்து வரமாட்டார். பின் வாசலுக்குப் பக்கத்தில் அவர் சீட்டில் உட்கார்ந்திருப்பார். காசுதான் அவரிடம் நடந்து போகும். "சார், ஒரு குரோம்பேட்டை பாஸ் பண்ணுங்க." நோட்டு ஐந்தாறு கை மாறிப் போகும். டிக்கெட்டும் சில்லறையும் அதே கைகள் வழியாகத் திரும்பி வரும். வழியில் யாரும் எடுத்துக்கொள்வதில்லை. இந்த ஊரைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம், இந்த ஒரு விஷயத்தில் வாயே திறக்க முடியாது.

மாடியில் இது நடக்குமா? படிக்கட்டு வழியாகக் காசை இறக்கிவிட முடியாது. அதனால் மேலே ஒருவர், கீழே ஒருவர் என்று ரெண்டு கண்டக்டர். ஒரு வண்டிக்கு மூன்று பேர் சம்பளம். மாடி பஸ் ஏன் நின்றது என்று கேட்பவர்கள் மரம், ஒயர், மேம்பாலம் என்றெல்லாம் தேடுகிறார்கள். எனக்கு முதலில் தோன்றுவது இந்த மூன்றாவது சம்பளம்தான். இது என் கணக்கு, அரசாங்கக் கணக்கு இல்லை.

13 மார்ச், பின்னிரவு

தூக்கம் வரவில்லை. ரயில் இருக்கும்போது எதற்கு பஸ் என்று இன்னொருவர் கேட்டதற்கு:

பீச் – தாம்பரம் மின்சார ரயில் 1931 மே மாதத்திலிருந்து ஓடுகிறது. மீட்டர் கேஜ். 2004 ஜூலை 1 அன்றுதான் கடைசி மீட்டர் கேஜ் வண்டி போனது. எனவே 18ஏ பிறக்கும்போதே அதற்குப் போட்டி பக்கத்திலேயே இருந்தது. ஆனால் மேப்பை எடுத்துப் பாருங்கள். ரயில் எழும்பூர், நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மாம்பலம் என்று மேற்கே வளைந்து வரும். பஸ் சென்ட்ரலைத் தாண்டியதும் அண்ணா சாலையைப் பிடித்து எல்.ஐ.சி., ஸ்பென்சர், தேனாம்பேட்டை, நந்தனம் என்று வரும். சைதாப்பேட்டையில் ரெண்டும் நெருங்கி, கிண்டிக்குப் பிறகு தாம்பரம் வரை கிட்டத்தட்ட தோளோடு தோள் உரசிக்கொண்டு போகும். அதாவது 18ஏ-வுக்குப் பிழைப்பு கொடுத்தது மவுண்ட் ரோட்டு ஆபீஸ்கள்தான். ரயில் எட்டாத இடத்தில் அத்தனை ஆபீஸ், பேங்க், கடை. சாயங்காலம் ஐந்தரைக்கு அவ்வளவு பேரும் தெற்கே போக வேண்டும்.

மாடியில் உட்கார்ந்தால் பல்லாவரம் – குரோம்பேட்டை நடுவே ரயிலோடு ரேஸ் பார்க்கலாம். ரயில்தான் ஜெயிக்கும். சிக்னல் இல்லாதவனோடு போட்டி போட்டால் வேறு என்ன நடக்கும்?

16 மார்ச் 2024

மாமாவின் மருமகன் திரும்பி வந்திருக்கிறார். "1997-இல் பல்லவன்தானே விட்டது, நீங்கள் ஏன் எம்.டி.சி. என்கிறீர்கள்?" என்கிறார். நான் இதுவரை எதையுமே சொல்லவில்லை, மேலே போய்ப் படிக்கலாம். ஆனாலும் இந்தப் பெயர்க் கதை சுவாரசியமானது.

1972 ஜனவரி 1: பல்லவன் போக்குவரத்துக் கழகம், 1029 பஸ்களோடு. அதே காலத்தில் மதுரைக்குப் பாண்டியன், கோவைக்குச் சேரன், கும்பகோணத்துக்குச் சோழன். 1994 ஜனவரியில் சென்னையைப் பிரித்து வடக்குக்கு டாக்டர் அம்பேத்கர் போக்குவரத்துக் கழகம். அடுத்தது 1997. தெற்கே புதிய கழகம் ஒன்றுக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததை ஒட்டிச் சாதிக் கலவரம் வெடித்தது. தலைவர் பெயரே வேண்டாம் என்று அரசு முடிவெடுத்து, ஜூலை 1 முதல் மாநிலம் முழுக்க எல்லாப் பெயரையும் எடுத்துவிட்டது. ராஜாக்கள், அம்பேத்கர், திருவள்ளுவர் எல்லாரும் ஒரே நாளில் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். சென்னையில் மாநகர்ப் போக்குவரத்துக் கழகம் (அதுதான் எம்.டி.சி.), கோட்டம் ஒன்று, கோட்டம் இரண்டு. 2001 ஜனவரியில் ரெண்டும் மறுபடி ஒன்று.

ஆகவே மாடி பஸ் திரும்பி வந்ததும் பல்லவன் போனதும் ஒரே வருடம். ஜனங்கள் வாயில் பல்லவன் இன்னும் போகவில்லை. என் பெரியப்பா கடைசி வரை "பல்லவன் வந்துச்சா?" என்றுதான் கேட்பார். மவுண்ட் ரோட்டில் தலைமை அலுவலகம் இன்றும் பல்லவன் இல்லம், பக்கத்து ரோடு பல்லவன் சாலை.

17 மார்ச் 2024

அதற்கு முந்தைய கதை கேட்கிறவர்களுக்குச் சுருக்கமாக: சென்னையில் டிராம் 1895-இல் வந்தது, 1953 ஏப்ரல் 12-இல் நின்றது. தாம்பரம் பக்கம் டிராம் ஒருநாளும் வந்ததில்லை. நாற்பதுகளின் கடைசியில் அரசாங்கம் நகர பஸ்ஸைக் கையில் எடுக்கும்வரை எல்லாம் தனியார் வண்டி. அவ்வளவுதான். இது 18ஏ இழை, டிராமுக்கு வேறு இழை தொடங்குங்கள்.

2 ஏப்ரல் 2024

"வண்டிகளைப் பற்றி எழுதுங்கள், ரூட்டைப் பற்றிப் போதும்" என்கிறார் ஒருவர். சரி.

மாடி பஸ்ஸை விடுங்கள். இந்தத் தடத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வண்டி சாதா வண்டிதான். அதன் ஜாதகம் எனக்கு நேரடியாகத் தெரியும். குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே பல்லவனின் பாடி கட்டும் பட்டறை. எண்ணூர் லேலண்டிலிருந்து வெறும் சேசிஸ் வரும். கூரை கிடையாது, கதவு கிடையாது, முன் கண்ணாடிகூடக் கிடையாது. ஸ்டியரிங், எஞ்சின், நாலு பக்கம் சக்கரம், நடுவே தலையில் துண்டு கட்டிய டிரைவர். அந்தக் காட்சியைப் பார்த்து வளர்ந்தவனிடம் "இது பஸ்" என்று சொன்னால் நம்பமாட்டான். அது லாரி. லாரிக்கு என்று செய்த சட்டத்தின் மேல் கூண்டு கட்டி, ஜன்னல் வைத்து, போர்டு மாட்டினார்கள். அதற்குப் பிறகுதான் அதன் பெயர் 18ஏ.

லாரிச் சட்டம் என்பதால் என்ன வந்தது? ஒன்று, எஞ்சின் முன்னால், டிரைவருக்குப் பக்கத்தில். சித்திரை மாதம் பானெட்டுக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள், இட்லி வேகும். இடமில்லாதபோது பானெட் மேல் பையை வைப்பார்கள், குழந்தையை உட்காரவைப்பார்கள், சில பேர் தாங்களே உட்காருவார்கள். இரண்டாவது, தளம் தரையிலிருந்து ஏறத்தாழ 900 மில்லிமீட்டருக்கு மேல். சரக்கு ஏற்றுகிறவனுக்கு அது சௌகரியம். மனுஷன் ஏறுவதற்கு மூன்று படி வேண்டும். முதல் படி எப்போதும் ரொம்ப உயரம்.

3 ஏப்ரல் 2024

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். கேலியாக முடித்துவிட்டேன், ஆனால் அந்த இரண்டாவது விஷயம்தான் இந்த இழைக்கே முக்கியம் என்று தோன்றுகிறது.

மாடி பஸ் என்றதும் எல்லோருக்கும் கண் விரிகிறது. எனக்கும்தான், மேலே நானே எழுதியிருக்கிறேன். ஆனால் என் அம்மா ஒருநாளும் மாடிக்கு ஏறியதில்லை. கால்முட்டி. அம்மாவுக்கு மாடி பஸ் என்றால் கீழ்த்தளம் மட்டும்தான், மேலே என்ன நடக்கிறது என்று தெரியாது. கர்ப்பிணிகள் ஏறியதில்லை. காய்கறி மூட்டைக்காரர்கள் ஏறியதில்லை. கால் சரியில்லாதவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முன் சீட்டில் காற்று வாங்கியது யார்? என்னை மாதிரி இருபத்து சொச்சம் வயது ஆம்பிளைகள். இப்போது ஃபேஸ்புக்கில் பழைய படத்தைப் போட்டு உருகுவதும் அதே கும்பல்தான்.

3 ஏப்ரல், இரவு

பெண்கள் மாடிக்கு ஏறவே இல்லை என்று நான் எழுதவில்லை. காலேஜ் பெண்கள் நிறைய ஏறுவார்கள். கோபித்துக்கொண்ட அம்மணி மறுபடி படிக்கவும். ஆம்பிளைகள் என்று எழுதியது முன் சீட்டுப் பந்தயத்தைப் பற்றி.

21 ஏப்ரல் 2024

போர்டு கலர் பற்றிக் கேட்டவருக்கு. ஒரே நம்பர், ஒரே ரோடு, ஒரே நெரிசல், ஆனால் நாலு விதக் கட்டணம் இருந்தது. வெள்ளை போர்டு சாதா, மஞ்சள் போர்டு எல்.எஸ்.எஸ். (குறைந்த ஸ்டாப்பில் நிற்பது), பச்சை போர்டு எக்ஸ்பிரஸ், அதற்கு மேல் டீலக்ஸ். எக்ஸ்பிரஸ் என்று போட்டிருந்தால் வேகமாகப் போகும் என்று நினைப்பவர் ஊருக்குப் புதுசு. பல்லாவரம் சந்தையன்று எல்லா போர்டும் ஒரே வேகம்தான். (வெள்ளிக்கிழமைச் சந்தை. இன்னமும் நடக்கிறது.)

டீலக்ஸ் கணக்கில் வந்தவைதான் ஜவஹர்லால் நேரு பெயரிலான மத்திய அரசின் நகர்ப்புறத் திட்டத்தில் வாங்கிய வண்டிகள், 2009-ஐ ஒட்டி. எஞ்சின் பின்னால், தானியங்கிக் கதவு, தளம் 650 மில்லிமீட்டர் வாக்கில். ஒரு படி குறைந்தது. அம்மா அந்த வண்டியில் ஏறியதும் முதலில் சொன்னது, "இது நல்லா இருக்கு, ஏன் காசு ஜாஸ்தி?" ரெண்டுக்கும் பதில் ஒன்றுதான் என்று சொன்னேன்.

2021 மே மாதம் பெண்களுக்கு இலவசம் என்று அறிவித்தபோது அது சாதாக் கட்டண வண்டிக்கு மட்டும். நல்ல திட்டம், என் தெருவில் வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு அது மாதச் சம்பளத்தில் ஒரு துண்டு. ஆனால் இலவசம் கிடைத்தது எந்த வண்டியில்? பெரும்பாலும் மூன்று படி வண்டியில். காசு கொடுத்தால் தாழ்வான படி, இலவசம் என்றால் உயரமான படி. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, தானாக அப்படி அமைந்தது. அடுத்த வருடம் முன்னும் பின்னும் ரோஸ் பெயின்ட் அடித்தார்கள், தூரத்திலேயே தெரிய வேண்டும் என்று. படி அதே படி.

22 ஏப்ரல் 2024

தானியங்கிக் கதவு வந்ததும் ஃபுட்போர்டு ஒழிந்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஒழியவில்லை, குறைந்தது. கதவு இருக்கும், மூடாது. 2012 டிசம்பர் 10 அன்று ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) படியில் தொங்கிய நாலு மாணவர்கள் லாரி இடித்துச் செத்தார்கள். ஹைகோர்ட் தானாகவே வழக்கு எடுத்துக்கொண்ட பிறகுதான் கதவைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். 18ஏ-விலும் தொங்கியவர்கள் உண்டு, நானும் கிண்டி வரை தொங்கியிருக்கிறேன். அதைப் பெருமையாகச் சொல்லும் வயசு போய்விட்டது.

9 ஜூன் 2024

ஒன்றரை மாதமாக யாரும் எழுதவில்லை. மழை, பள்ளம் பற்றிக் கேட்டவர் ஒருவர் இருந்தார், அவருக்கு.

18ஏ முழுசாக அறுந்த நாட்கள் உண்டு. 2015 டிசம்பர் 2: அடையாறு சைதாப்பேட்டையில் மறைமலை அடிகள் பாலத்தைத் தொட்டுவிட்டது, பாலத்தை மூடினார்கள். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி. ஊர் ரெண்டாகப் போனது. பாலத்துக்குத் தெற்கே இருப்பவன் தெற்கே, வடக்கே இருப்பவன் வடக்கே. 2020 மார்ச் 25 முதல் ஆகஸ்ட் முடியும்வரை கொரோனா, செப்டம்பர் 1 அன்று வண்டி திரும்பியது. ஒரு சீட்டுக்கு ஒருவர் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்த 18ஏ-வில் முதல் தடவையாகக் காலை நீட்டி உட்கார்ந்து வந்தேன். சந்தோஷப்படவும் தோன்றவில்லை.

பள்ளம் என்றால் 2017 ஏப்ரல் 9. சர்ச் பார்க் பக்கத்தில் அண்ணா சாலை உள்வாங்கி ஒரு பஸ்ஸும் ஒரு காரும் இறங்கின. ஞாயிற்றுக்கிழமை, அதனால் கூட்டம் இல்லை, எல்லோரும் தப்பினார்கள். பலர் அதை 18ஏ என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 18ஏ இல்லை, 25ஜி. 18ஏ-வின் புகழில் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டாம், அதற்கு இருப்பதே போதும். கீழே மெட்ரோ சுரங்க வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. இங்கேதான் மாமாவுக்கு அவருடைய மெட்ரோ கிடைக்கிறது. மாடி பஸ்ஸை எடுத்தது மெட்ரோ இல்லை, ஆனால் மெட்ரோ வேலை நடந்த வருடங்களில் அண்ணா சாலை ஒருவழியாகி, 18ஏ சுற்றிச் சுற்றிப் போனது நிஜம். அந்த வருடங்களில்தான் நான் ரயிலுக்கு மாறினேன்.

10 ஜூன் 2024

மெட்ரோ வந்ததும் 18ஏ செத்துவிடும் என்று அப்போது இதே மாதிரி இடங்களில் பந்தயம் கட்டினார்கள். ஏர்போர்ட் – சின்னமலை 2016 செப்டம்பரில் திறந்தது. 2019 பிப்ரவரியில் அண்ணா சாலையின் மீதிப் பகுதியும். சாகவில்லை. மெட்ரோ ஏர்போர்ட்டோடு நின்றுவிடுகிறது. பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம் எல்லாம் அதற்குத் தெற்கே. ஏர்போர்ட் ஸ்டேஷனில் இறங்கி, ரோட்டைக் கடந்து, 18ஏ பிடிக்கிற கூட்டத்தைச் சாயங்காலம் பாருங்கள். ஏ.சி.யில் வந்தவர்கள் எல்லோரும் வேர்த்துக்கொண்டு நிற்பார்கள்.

2023 டிசம்பர் 30-இல் வண்டலூர் பக்கம் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தைத் திறந்தார்கள். தென்மாவட்ட பஸ்கள் அங்கே போனதும் 18ஏ-வும் தாம்பரத்தைத் தாண்டி நீண்டது. தாம்பரம்தான் உலகத்தின் எல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த தடம் வண்டலூரைப் பார்த்துவிட்டது. நள்ளிரவில் மதுரையிலிருந்து வந்து இறங்கியவன் பெட்டியோடு ஏற வேண்டியதும் இதே மூன்று படிதான். முன்பு ஆபீஸ் பை, இப்போது சூட்கேஸ், அரிசி மூட்டை, பலாப்பழம். தடத்தின் நம்பர் மாறவில்லை, ஏறுகிற ஆள் மாறிவிட்டான்.

11 ஆகஸ்ட் 2024

இதற்குத்தான் காத்திருந்தேன். போன வாரம், 4-ஆம் தேதி, தாழ்தள பஸ் 58 விட்டார்கள். படியே கிடையாது. தளம் 400 மில்லிமீட்டர். ஸ்டாப்பில் நின்றதும் இடது பக்கமாகச் சாய்ந்து குனியும். சக்கர நாற்காலிக்குச் சாய்தளப் பலகை, உள்ளே அதை நிறுத்த இடம்.

இது அரசாங்கம் திடீரென்று மனசு இளகி வாங்கியது இல்லை. மாற்றுத்திறனாளிகள் பல வருடம் ஹைகோர்ட்டில் நின்று வாங்கிக்கொடுத்தது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைக் காட்டி, "வாங்குவது எல்லாம் நாங்கள் ஏறக்கூடியதாக வாங்கு" என்று கேட்டார்கள். ரோடு சரியில்லை, மழைத் தண்ணீர் நிற்கும், வேகத்தடை இடிக்கும் என்று பதில் வந்தது. மூன்றும் பொய் இல்லை. ஆனால் மழைத் தண்ணீருக்காக பஸ்ஸை உயர்த்துவதா, ரோட்டைச் சரி செய்வதா?

எழுபதுகளில் மாடி பஸ், 1997-இல் மாடி பஸ், நடுவே அண்ணா சாலையில் ரெண்டு பெட்டி கோத்த நீள பஸ், 2013-இல் சந்துக்குள் போகும் மினி பஸ் (அதன் பக்கத்தில் வரைந்த இலை இரட்டை இலையா வெறும் இலையா என்று கோர்ட் வரை போனது தனிக் கூத்து). எல்லாமே வண்டியின் உருவத்தை மாற்றியவை. இது ஒன்றுதான் ஏறுகிறவனைப் பார்த்து மாற்றியது. என்னைக் கேட்டால் இந்த ஊர் பஸ் சரித்திரத்தில் மாடி வந்ததைவிடப் படி போனதுதான் பெரிய விஷயம்.

12 ஆகஸ்ட் 2024

"தாழ்தள பஸ் ஃபுட்பாத்தை ஒட்டி நிற்கவே நிற்காது, நடு ரோட்டில் நின்றால் தாழ்தளமாவது கீழ்தளமாவது" என்கிறார் ஒருவர். ஒத்துக்கொள்கிறேன். ஷேர் ஆட்டோ ஸ்டாப்பை அடைத்துக்கொண்டு நிற்கும்வரை பஸ் குனிந்தும் பிரயோஜனம் இல்லை. குரோம்பேட்டை ஸ்டாப்பில் சாயங்காலம் நின்று பார்த்தால் தெரியும். முழு உற்சாகத்தில் எழுதியதற்கு இது தேவைதான்.

19 ஜனவரி 2025

மெட்ரோவில் தட்டிக்கொண்டிருந்த சிங்காரச் சென்னை கார்டு இந்த மாதம் பஸ்ஸுக்கும் வந்துவிட்டது. மெஷினில் தட்டினால் டிக்கெட். கண்டக்டர் கையில் மெஷின், கார்டு நம் கையில். அப்போது "பாஸ் பண்ணுங்க" என்ன ஆவது? நேற்று பார்த்தேன். ஒரு பையன் தன் கார்டையே முன்னால் கொடுத்து அனுப்பிவிட்டான். ஐந்து கை மாறி, தட்டி, டிக்கெட்டோடு திரும்பி வந்தது. பேங்க்காரர்கள் பார்த்தால் மயக்கம் போடுவார்கள்.

6 ஜூலை 2025

ஜூன் 30-இல் வியாசர்பாடியிலிருந்து 120 மின்சார பஸ். எல்லாம் தாழ்தளம். ஒப்பந்தக் கம்பெனி டிரைவர், கழகத்துக் கண்டக்டர். வட சென்னைக்கு முதலில் போனதில் எனக்குச் சந்தோஷம்தான், எப்போதும் தெற்குக்கே புதுசு வரும் என்ற புகார் உண்டு. ஒருமுறை போய் ஏறிப் பார்த்தேன். சத்தமே இல்லை. எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய கண்டக்டர் அதே குரலில் "உள்ள போ, உள்ள போ" என்றதும் பஸ்ஸே திடுக்கிட்டது.

14 ஜூலை 2025

சத்தம் இல்லாததால் ஸ்டாப்பில் நிற்கிறவர்களுக்கு வண்டி வருவது தெரியாது, அதுவும் கண் தெரியாதவர்களுக்கு, என்று எழுதியவர் சொல்வது சரி. உள்ளே ஸ்பீக்கரில் அடுத்த ஸ்டாப் சொல்கிறது. வெளியே நிற்கிறவருக்கு இது என்ன நம்பர் வண்டி என்று சொல்ல ஒரு குரல் வேண்டும். அது இருந்தால் படியைப் பற்றி நான் எழுதியது பாதியாவது முழுமையாகும்.

5 அக்டோபர் 2025

மருமகன் கடைசியாக ஒன்று கேட்கிறார். மாமாவை ஒருமுறை பழைய ஞாபகத்துக்கு 18ஏ-வில் கூட்டிக்கொண்டு போகப் போகிறாராம், எப்போது, எங்கே, எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று.

கிளாம்பாக்கத்தில் ஏறுங்கள், அங்கேதான் கிளம்புகிறது, சீட் கிடைக்கும். இப்போது சென்னை ஒன் ஆப்பில் வண்டி எங்கே வருகிறது என்று பார்க்கலாம், தாழ்தளம் வந்தால் அதற்குக் காத்திருங்கள், மாமாவுக்கு வயசாகிறது. பத்து மணிக்கு மேல் கிளம்புங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், பல்லாவரம் சந்தை.

எந்தப் பக்கம் என்பதில் உங்களுக்கு வழியில்லை. இந்த ரோடு தென்மேற்கிலிருந்து வடகிழக்கே போகிறது. காலையில் பிராட்வே போகும்போது வெயில் வலது பக்கம். சாயங்காலம் திரும்பும்போதும் வலது பக்கம். சென்னை பஸ்ஸில் இடது பக்கம் பெண்கள் சீட்டு. ஆக ரெண்டு வேளையும் வெயில் ஆம்பிளைகளுக்குத்தான். துண்டு எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.